கோழி கம்பெனியுடையது, எரு உங்களுடையது

வாசகர் கேள்வி - பதில்: ஒப்பந்த விவசாயம்

செபராங் பிறையிலிருந்தும் தலைநகரிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒப்பந்த விவசாயம் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஊரைச் சொல்கிறோம், ஆள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். பதில்களில் வரும் கூலி, தீவனக் கணக்கெல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை அந்த இடத்தில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: தோட்ட வேலையில் சேர்த்த பணத்தில் அப்பா வாங்கிய நிலம் இரண்டே முக்கால் ஏக்கர் இருக்கிறது. 20,000 கோழிக்கு மூடிய கொட்டகை கட்டினால் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் தாங்களே தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. "கோழி விலை ஏறட்டும், இறங்கட்டும், உங்களுக்குக் கவலை இல்லை" என்கிறார்கள். கொட்டகைக்கு வங்கிக் கடன் 10 ஆண்டு. கையெழுத்துப் போடலாமா?
- வாசகர், நிபோங் திபால்

பதில்: விலைக் கவலை இல்லை என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. 2022 பிப்ரவரியில் கோழிக்கு அரசு கிலோ 8 ரிங்கிட் 90 சென் என்று உச்சவரம்பு போட்டது. ஜூலையில் அது 9 ரிங்கிட் 40 சென் ஆனது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி உதவித்தொகையும் உச்சவரம்பும் சேர்ந்தே போயின. இப்படி ஆடுகிற சந்தையில் சொந்தக் காசுபோட்டு வளர்ப்பவர்தான் அடிவாங்குவார். கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று பேசி வளர்ப்பவரை அது நேராக இடிப்பதில்லை.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விலை இல்லை, காலம். கடன் 10 ஆண்டு என்றால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? பல ஒப்பந்தங்கள் ஒரு பேட்ச் கோழியோடு முடிந்துபோகும். அடுத்த பேட்ச் தருவதும் தராததும் நிறுவனத்தின் இஷ்டம். கோழிக் கொட்டகையில் வேறு எதையும் வளர்க்க முடியாது, வேறு எதற்கும் வாடகைக்கு விடவும் முடியாது. இது தெரிந்தவர்தான் உங்கள் எதிரே உட்கார்ந்து பேசுகிறார்.

இதைக் கணக்காகவே பாருங்கள். கோழி 42 நாள் வளர்கிறது. பிடித்து ஏற்றியபின் கொட்டகையைக் கழுவிக் காயவைக்க 14 நாள். ஒரு சுற்று 56 நாள், ஆண்டுக்கு ஆறரைச் சுற்று. சந்தை மந்தமாகி, குஞ்சு இறக்குவதை நிறுவனம் 16 நாள் தள்ளினால் ஒரு சுற்று 72 நாளாகி, ஆண்டுக்கு 5 சுற்றுதான் வரும். கோழி விலை இறங்கியதன் அடி இப்படிச் சுற்றிவந்து உங்கள் மேல் விழுகிறது. தவணையோ மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை பேட்ச், இரண்டு பேட்சுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை நாள், அதைத் தாண்டினால் நாளுக்கு எவ்வளவு காலிக் கொட்டகைத் தொகை என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்தக் காலம் கடன் காலத்துக்குச் சமமாக வராவிட்டாலும் அதில் பாதியாவது இருக்க வேண்டும்.

அடுத்தது தீவன விகிதம், நிறுவனத்தார் எஃப்.சி.ஆர். என்று சொல்வது: ஒரு கிலோ உயிர் எடைக்குத் தின்ற தீவனம். 20,000 குஞ்சில் 5 விழுக்காடு சாவு போக 19,000. சராசரி 2.2 கிலோ என்றால் 41,800 கிலோ கோழி. விகிதம் 1.6 என்றால் 66,880 கிலோ தீவனம். அதுவே 1.7 ஆனால் 71,060 கிலோ. வித்தியாசம் 4,180 கிலோ. தீவனம் கிலோ 2 ரிங்கிட் என்று வைத்தால் 8,360 ரிங்கிட். வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 50 சென் என்றால் உங்களுக்கு வரவேண்டியது 20,900 ரிங்கிட். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் மாறியதில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. மின்சாரம், குஞ்சுக்குச் சூடு காட்டும் எரிவாயு, தரைக்குப் போடும் உமி, ஆள் கூலி, கடன் தவணை எல்லாம் மிச்சத்தில்தான்.

விகிதம் ஏறுவதற்கு உங்கள் கவனக்குறைவு ஒரு காரணம்தான். நோஞ்சான் குஞ்சும், தரம் குறைந்த தீவனமும், சொன்ன நாளில் வராத லோரியும் அதை ஏற்றும். 42-ஆம் நாளில் ஒரு கோழி ஏறக்குறைய 190 கிராம் தின்று 90 கிராம் ஏறும். அந்த வயதில் கூடுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிலோவுக்கு மேல் தீவனம். லோரி மூன்று நாள் தாமதித்தால் உங்கள் மொத்த விகிதமும் மேலே போகும், வெயிலில் சாவும் கூடும். எனவே குறித்த நாளுக்குப் பிந்திய தீவனமும் சாவும் நிறுவனத்தின் கணக்கு. குஞ்சு இறங்கிய முதல் 7 நாளில் 1 விழுக்காட்டுக்கு மேல் செத்தால் அதுவும் அவர்கள் கணக்கு என்று எழுதச் சொல்லுங்கள். முதல் வாரச் சாவு பெரும்பாலும் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்தே வருவது. செத்த குஞ்சைத் தினமும் எண்ணி, தேதியோடு படம் எடுத்து, அன்றே அனுப்பிவையுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

எடை எங்கே போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். பிடிப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துவார்கள். பிறகு லோரிப் பயணம், ஆலை வாசலில் காத்திருப்பு. எடை 3 விழுக்காடு சுருங்கினாலே மேலே சொன்ன பேட்சில் 1,254 கிலோ காணாமல் போகும். பண்ணை வாசலில் எடை, நீங்களும் லோரிக்காரரும் கையெழுத்திட்ட சீட்டு, அதுதான் முறை. தராசில் 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டப்படி சரிபார்த்த ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தீவனம் வந்து இறங்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். கோழியை நிறுத்துப் பார்க்கிற பலர் தீவனத்தை நிறுத்துப் பார்ப்பதில்லை.

மூடிய கொட்டகையில் இன்னொரு பயம் மின்தடை. முற்றிய கோழி இருக்கும்போது விசிறி நின்றால், மத்தியான வெயிலில் அரை மணி நேரம் போதும். தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர், படுக்கை அறையில் ஒலிக்கும் அபாய மணி, கையால் இறக்கக்கூடிய திரை மூன்றும் வேண்டும். ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை விசிறிகளோடு இணைத்தே ஓட்டிப் பாருங்கள். வெறுமனே உறுமவிட்டால் பேட்டரி மட்டும்தான் சோதனையாகும்.

கடைசியாக, நில கிராண்டை எடுத்து 'சியாராட் ஞாத்தா' (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அதற்குப் பிறகு செபராங் பிறை மாநகர் மன்றத்தில் திட்டமிடல் அனுமதி, கால்நடை சேவைத் துறையில் உரிமம். இவை கையில் வரும்முன் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், கொட்டகை இல்லாமலே வட்டி கட்டியிருக்கிறார்கள். மேலே சொன்னவற்றில் பாதியாவது எழுத்தில் வராவிட்டால், அந்த நிலத்தில் வாழை வைப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எங்கள் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு ஒப்பந்தக் கோழிக் கொட்டகை. கோழி ஏற்றிப் போன அடுத்த வாரம் சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கிறது. பண்ணைக்காரரைக் கேட்டால் "கம்பெனியைக் கேளுங்கள் அக்கா" என்கிறார். கம்பெனியைக் கேட்டால் "பண்ணை அவருடையது" என்கிறார்கள். யாரைத்தான் கேட்பது?
- வாசகி, தாசேக் குளுகோர்

பதில்: இருவருமே ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். இவ்வகை ஒப்பந்தங்களில் குஞ்சும் தீவனமும் கோழியும் நிறுவனத்தின் சொத்து. எருவும் செத்த கோழியும் வளர்ப்பவர் பொறுப்பு. உரிமமும் அவர் பெயரில். ஆகவே சட்டம் தட்டுவது அவர் கதவைத்தான்.

ஆனால் ஈ எப்போது வரும் என்பதை முடிவு செய்வது நிறுவனம். கோழி இருக்கும்போது தரை உமி ஓரளவு காய்ந்து கிடக்கும், ஈ குறைவு. கோழி போனதும் அந்த உமியெருவை வாரி வெளியே குவிக்கிறார்கள், மழை பெய்கிறது, அங்கே பிறக்கிறது தொல்லை. ஓர் ஈ ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டை இடும். நம் வெக்கையில் முட்டை ஈயாக 7 முதல் 10 நாள். "அடுத்த வாரம்" என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. இரண்டு கொட்டகையிலும் ஒரே வாரத்தில் கோழி பிடித்தால் இரட்டிப்பு. பிடிக்கும் தேதியை நிறுவனம்தான் போடுகிறது. இரண்டையும் மூன்று வாரம் தள்ளிவைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

பண்ணைக்காரர் செய்ய வேண்டியது இது. கொட்டகைக்குள் ஒரு கை உமியை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், பெரும்பாலும் தண்ணீர்க் குழாயின் நிப்பிள் ஒழுகுகிறது, அல்லது குழாய் தாழ்ந்து கோழி முதுகில் இடித்துச் சிந்துகிறது. கோழி வளர வளர, கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரத்துக்குக் குழாயை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஈர உமியை அன்றன்று அள்ளி எடுத்துப் புது உமி போட வேண்டும். விட்டால் அம்மோனியா ஏறிக் கோழிக்கும் கண் எரியும், உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் நாறும். வாரிய எருவை மேட்டுத் தரையில் நீளமாகக் குவித்து, அன்றே தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் மண் அணைத்துவிட வேண்டும். உள்ளே சூடு 55 பாகை தாண்டும், புழு வெந்துவிடும். பாயை நடுவில் மட்டும் போட்டு ஓரத்தை விட்டால் புழு எல்லாம் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். எருவை ஐந்து நாளுக்குள் மூடாவிட்டால் பிறகு மருந்தடித்துப் பயனில்லை, ஈ பறக்கத் தயாராகிவிடும். செத்த கோழியை ஒரு நாள்கூட வெளியில் வைக்கக்கூடாது. குழி தோண்டினால் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், தண்ணீர் ஊறாத இடத்தில்.

பச்சை எருவை அப்படியே மூட்டைகட்டிக் காய்கறித் தோட்டத்துக்கு விற்றுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பார்கள். அடுத்த கம்பத்துக்குப் போகும், அவ்வளவுதான். கேமரன் மலையில் ஈத் தொல்லை என்றாலே பச்சைக் கோழி எருவைத்தான் சொல்வார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று சுற்றுக்குத் தேதி எழுதுங்கள். கோழி ஏற்றிய நாள், எரு வாரிய நாள், ஈ கூடிய நாள். சமையலறையில் ஒரே இடத்தில் ஒரு ஒட்டுத்தாள் மாட்டி, 24 மணி நேரத்தில் ஒட்டிய ஈயை எண்ணிப் படம் எடுங்கள். "ரொம்ப ஈ" என்ற புகாரைவிட "திங்கள் 14, அடுத்த திங்கள் 160" என்ற புகாருக்கு அதிகாரி எழுந்து வருவார். கடிதம் கால்நடை சேவைத் துறைக்கு, நகல் மாநகர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவுக்கு, இன்னொரு நகல் நிறுவனத்துக்கு. கழிவு வாய்க்காலில் ஓடினால் சுற்றுச்சூழல் துறைக்கும் எழுதுங்கள். உங்கள் வட்டாரத்துக்குக் கம்போங் செலாமாட் பன்றிப் பண்ணைக் கழிவும் சுங்கை கெரேயும் புதிய கதை இல்லை. ஆறு கெட்டுப்போனபிறகு அதை மீட்பது எவ்வளவு இழுபறி என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். பண்ணைக்காரரைப் பகைத்துக்கொள்ளாமல், அவரையும் சேர்த்துக்கொண்டு நிறுவனத்திடம் போங்கள். தார்ப்பாய்ச் செலவையும் எரு ஏற்றும் செலவையும் நிறுவனம் பங்குபோட வேண்டும் என்று கேட்பதற்கு அவருக்குத் தனியாகத் துணிவு வராது. அடுத்த பேட்ச் வராமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கும்.

கேள்வி: 2,000 பையில் சொட்டுநீர் உர முறையில் மிளகாய் போட்டிருக்கிறேன். ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். முதல் மூன்று பறிப்பு ஒழுங்காக எடுத்தார்கள். சந்தையில் விலை இறங்கியதும் நாலாவது பறிப்பில் பாதியை "புள்ளி, சுருக்கம்" என்று தள்ளிவிட்டார்கள். வெளியே விற்றால் ஒப்பந்த மீறலாம். தள்ளிய மிளகாயை என்ன செய்வது?
- வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: விலை இறங்கும்போது தரம் பார்க்கும் கண் கூர்மையாவது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் தரம் என்று என்ன எழுதியிருக்கிறது? "நல்ல தரம்" என்று மட்டும் இருந்தால் அது அவர் கையில் உள்ள தராசு. நீளம் இத்தனை சென்டிமீட்டர், காம்போடு, புள்ளி விழுந்த காய் நூற்றுக்கு இத்தனை வரை என்று எண்ணில் இருக்க வேண்டும். அரசின் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமாவுக்குத் தரம்பிரித்தல், பொட்டலமிடுதல், முத்திரையிடுதல் பற்றிய 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. 'மூன்று பி' என்றால் அதிகாரிகளுக்குத் தெரியும். புதிய ஒப்பந்தத்தில் அந்தத் தர அளவையே குறிப்பிடச் சொல்லுங்கள். சண்டை வந்தால் மூன்றாவது ஆள் பார்த்துச் சொல்ல ஓர் அளவுகோல் இருக்கும்.

தள்ளுவதென்றால் உங்கள் தோட்டத்திலேயே, அதே நாளில், எத்தனை கிலோ, என்ன குறை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தள்ள வேண்டும். தள்ளிய காய் அந்த நிமிடமே உங்கள் சொத்து, யாருக்கும் விற்கலாம். பறித்த காயை 24 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டாலும் அப்படியே. இந்த மூன்று வரி இல்லாத ஒப்பந்தத்தில் "வெளியே விற்காதே" என்ற வரி மட்டும் இருந்தால் நீங்கள் விவசாயி இல்லை, கிடங்குக் காவல்காரர்.

அதற்காக எல்லாப் பழியையும் அவர்மேல் போட முடியாது. காயில் உள்குழிந்த வட்டப் புள்ளி, நடுவே வளையம் வளையமாக இருந்தால் அது பழ அழுகல் நோய். ஏற்றிய மறுநாள் பெட்டி முழுக்கப் பரவும், யாரும் வாங்க மாட்டார்கள். விழுந்த காயைப் பைக்கு அடியில் விட்டுவைப்பதும், மாலையில் இலை நனைய மருந்தடிப்பதும் அதை வளர்க்கும். இலை மேல்பக்கம் சுருண்டால் இலைப்பேன் என்ற பூச்சி, கீழ்ப்பக்கம் சுருண்டால் பெரும்பாலும் சிலந்தி. பூச்சிக்கும் சிலந்திக்கும் மருந்து வேறு வேறு. தெரியாமல் ஒன்றையே அடித்துக் கூட்டிக்கொண்டே போனால்தான் எச்சம் மிஞ்சும். நிறுவனம் தரும் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு புட்டியிலும் பூச்சிமருந்து வாரியத்தின் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பராகுவாட் 2020 ஜனவரி முதல் இல்லை. குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் 2023 மே முதல் தடை. பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிட ஆள் இருப்பான். காயில் எச்சம் பிடிபட்டால் கேட்கப்படுவது உங்கள் பெயர்தான்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, நாங்களே சொல்கிறோம். 2,000 செடிக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 3,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு பைக்கு அடியில் வழிந்தால் 600 லிட்டர். உரக்கரைசலின் ஈ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) 2.5 என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ உரம் வாய்க்காலுக்குப் போகிறது. நான்கு மாதத்தில் 100 கிலோவைத் தாண்டும். பக்கத்து வாய்க்கால் பாசி பிடித்துப் பச்சையாக நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வழியும் நீரை ஒரு வாளியில் பிடித்து வாரம் இருமுறை அளந்து பாருங்கள். உள்ளே விடுவதைவிட 1 புள்ளி கூடுதலாக இருந்தால் பையில் உப்பு தேங்குகிறது என்று அர்த்தம், ஒரு நாள் கரைசலை இளக்கிவிடுங்கள். வழிவதைத் தரைவிரிப்பின் சரிவில் ஒரு சிறு கால்வாய்க்குத் திருப்பி, வாழைக்கோ மாட்டுப்புல்லுக்கோ விட்டால் உரக் காசும் மிச்சம். கிழிந்த பைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வது யார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவை தீயில்தான் முடியும், அந்தப் புகை உங்கள் பிள்ளைகளுக்கு.

கேள்வி: நிலம் ஆண்டு உரிமத்தில்தான் இருக்கிறது. மூன்று ஆண்டு பப்பாளி ஒப்பந்தத்துக்குக் கேட்கிறார்கள்.
- வாசகர், சிம்பாங் அம்பாட்

பதில்: நீங்கள் சொல்லும் ஆண்டு உரிமம், அதாவது டி.ஓ.எல். என்ற தற்காலிக நில உரிமம், எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். பிறருக்கு மாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் பிள்ளைக்கும் வராது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் அப்படி. கையில் ஓராண்டு வைத்துக்கொண்டு மூன்றாண்டுக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். "உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் ஒப்பந்தம் தண்டம் இல்லாமல் முடியும், முன்பணத்தில் பயன்படுத்தாத பகுதி மட்டும் திருப்பித் தரப்படும்" என்ற வரி இல்லாமல் போடாதீர்கள். பப்பாளி நட்டு எட்டு, ஒன்பது மாதம் கழித்துத்தான் பறிப்பு. ஜூலையில் நட்டால் உங்கள் முதல் பழத்துக்கே உரிமம் இல்லாமல் போகலாம்.

கேள்வி: ஒப்பந்தமும் பணமும் என் வீட்டுக்காரர் பெயரில். காலை 5 மணிக்குக் கோழிக்குத் தண்ணீர்க் குழாய் பார்ப்பதிலிருந்து செத்ததைப் பொறுக்குவது வரை நானும்தான். "குடும்பத் தொழில்தானே" என்கிறார். தவறாகக் கேட்கிறேனா?
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தவறே இல்லை. ஒப்பந்த விவசாயத்தின் இலாபம் பல வீடுகளில் இப்படித்தான் உண்டாகிறது: கூலி கொடுக்காத ஆள் ஒருவர் இருப்பதால். நாளுக்கு 5 மணி நேரம், 42 நாள், மொத்தம் 210 மணி நேரம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். ஒரு பேட்சுக்கு உங்கள் வேலை 1,831 ரிங்கிட். அதை நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு இலாபத்தைப் பாருங்கள், இருவருமாகச் சேர்ந்து. நிறுவனத்தோடு கூலி பேசும்போதும் அந்த எண் கையில் இருக்க வேண்டும். மறைந்திருக்கும் உழைப்புக்கு யாரும் விலை பேச மாட்டார்கள்.

காரியமாகச் செய்ய மூன்று உண்டு. அடுத்த ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் வளர்ப்பவராகச் சேரட்டும், பணம் கூட்டுக் கணக்குக்கு வரட்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருவரும் தனித்தனியே பதியுங்கள். கொட்டகையில் வழுக்கி விழுந்தால் அவருக்கு மட்டும் பாதுகாப்பு இருந்து பயனில்லை. ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் (சுயதொழில் செய்வோரின் தன்விருப்பச் சேமிப்பு) கணக்கைத் தொடங்கினால் நீங்கள் போடுவதற்கு மேல் அரசு ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கும். வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சண்டையாகக் கொண்டுபோகாமல் நோட்டாகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் பெரியப்பா மகன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அங்கே இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது என்கிறார். இங்கே?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அங்கே உண்டு, இங்கே இல்லை. ஒப்பந்தச் சாகுபடிக்கென்று இந்தியாவிலேயே முதலில் தனிச் சட்டம் போட்டது தமிழ்நாடு, 2019-இல். கால்நடையும் அதில் அடக்கம். ஒப்பந்தத்தில் எழுதிய விலையை, பிறகு சந்தை எப்படிப் போனாலும், வாங்குபவர் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சட்டம் இருப்பதாலேயே கூலி உயர்ந்துவிடும் என்று உங்கள் அண்ணனும் நினைத்திருக்க மாட்டார். பேசுகிற இடத்தில் ஓர் அதிகாரியை உட்காரவைக்கிறது, அந்த அளவுக்கு நல்லது.

இங்கே பேசுவது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அது கோழிக்கும் தெரியாது, மிளகாய்க்கும் தெரியாது. எழுதியதை மட்டும் படிக்கும். ஒரு நல்ல செய்தி: "மீறினால் 50,000 ரிங்கிட்" என்று எழுதியிருப்பதாலேயே அந்தத் தொகை முழுவதும் கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும், 75-ஆவது பிரிவு. ஒரு லட்சம் ரிங்கிட் வரை உள்ள வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே முடியும். விலைக்கு உத்தரவாதம் வேண்டுபவர்கள் ஃபாமாவின் ஒப்பந்தப் பண்ணைத் திட்டத்தை முதலில் விசாரிக்கலாம். அங்கே குறைந்தபட்ச விலை பேசித்தான் சேர்ப்பார்கள்.

விதை விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு பாடம் உண்டு. 2019-இல் குஜராத்தில், தன் பெயரில் பதிவான உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சில விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டு, தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றது. ஒப்பந்தம் முடிந்தபின் மிஞ்சிய விதையும் கன்றும் யாருடையவை என்ற வரியை, உங்கள் உறவினர் யார் ஒப்பந்தம் போட்டாலும், விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரதி தரவில்லை. இப்போது பணத்தில் தகராறு.
- வாசகர், சுங்கை ஜாவி

பதில்: பிரதி கேட்டு இன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்சப்பில் பேசிய விலை, லோரிச் சீட்டு, வங்கியில் வந்த தொகை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். பிரதி வராவிட்டால் ஒப்பந்தம் எப்படி நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. கிடைத்ததும் முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும்; கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியாக எடுக்காது. சாதாரண ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட்தான், சேவைக் கூலி ஒப்பந்தமாக எழுதியிருந்தால் தொகையைப் பொறுத்து மாறும். நாள் கடந்திருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம், உள்நாட்டு வருமான வரி வாரியத்தில். வழக்கு என்று வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.